கர்ப்பகால பிரஷர்: வளைகாப்புப் பெட்டியில் விட்டுப்போவது

அல்சூரிலோ முருகேஷ்பாளையத்திலோ இருக்கும் நம்ம வீடுகளில், ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் பெண்ணை வேலூருக்கோ சேலத்துக்கோ அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். புடவையும் வளையலும் பெட்டியில் ஏறும், கர்ப்பகாலப் பரிசோதனைகளைக் குறித்துத் தருகிற தாயி கார்டும் ஸ்கேன் ரிப்போர்ட்டும் பெங்களூரு பீரோவிலேயே கிடக்கும். இங்கே பார்த்த டாக்டரை விட்டாச்சு, அங்கே போய்ப் பார்க்கலாம் என்று நடுவில் மூன்று நான்கு வாரம் யாரும் பிரஷரே பார்ப்பதில்லை. கர்ப்பத்தால் வரும் பிரஷர் தலைகாட்டுவதோ 20 வாரத்துக்கு அப்புறம்தான். என்னைக் கேட்டால் முதல் தவறு இதுதான்.

மேல் எண் 140, கீழ் எண் 90, இரண்டில் ஒன்றைத் தொட்டாலும் "சில்க் போர்டு டிராஃபிக்கில் வந்த டென்ஷன்" என்று தள்ளிவிடாதீர்கள். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்துவிட்டுத் திரும்பப் பாருங்கள், குறையவில்லையா, அன்றைக்கே டாக்டரிடம் போய் சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். 160/110 என்றால் நடுராத்திரியானாலும் கிளம்ப வேண்டியதுதான்.

பிள்ளைத்தாய்ச்சிக்குக் கால் வீங்கத்தான் செய்யும், சரி. ஆனால் முகமும் கையும் திடீரென்று வீங்குவது, விடாத தலைவலி, கண்ணில் பூச்சி பறப்பது, வலது விலாவுக்குக் கீழே வலி, இதெல்லாம் வேறு. அந்த விலா வலியைத்தான் வாயு என்று ஓமத் தண்ணீர் கொடுத்து அடக்கப் பார்க்கிறோம். வீக்கமே இல்லாமலும் பிரஷர் ஏறும்.

உப்பைக் குறைத்துக்கொண்டு மாத்திரையை நிறுத்துவதும் நடக்கிறது. லேபெட்டலால், நிஃபெடிபின் போன்றவை கர்ப்பத்தில் கொடுக்கிற மருந்துகள்தான். அதே சமயம் அப்பாவுடைய பிரஷர் மாத்திரையான டெல்மிசார்ட்டானை எடுத்து விழுங்கக் கூடாது, குழந்தையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

பிரஷர் ஏறி வலிப்பே வந்துவிட்டால் சாவிக்கொத்தைத் தேடி ஓடாதீர்கள். இரும்பைப் பிடித்தால் வலிப்பு நிற்காது. இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் ஸ்பூனோ தண்ணீரோ எதுவும் வேண்டாம், 108-க்கு அடியுங்கள், கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் அதே எண்தான். வலிப்பு தானாக நின்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும். மக்னீசியம் சல்ஃபேட் ஊசி போடுவது திரும்ப வராமல் தடுக்கத்தான்.

குழந்தை பிறந்தாச்சு, இனி பயமில்லை என்று நினைப்பது இன்னொன்று. பிரசவத்துக்கு அப்புறம் முதல் வாரத்தில் பிரஷர் நன்றாக ஏறலாம், அதற்குப் பிறகும் சில வாரங்கள் வரை வலிப்பு வர வாய்ப்புண்டு. அப்போது தலை வலிக்கிறது என்று சொன்னால், தலைக்குக் குளித்ததில் நீர் கோத்துக்கொண்டது என்று ஆவி பிடிக்க வைக்கிறார்கள். முதலில் பிரஷரைப் பாருங்கள், ஆவி அப்புறம் பிடித்துக்கொள்ளலாம்.