டயபருக்கு முன்னால் கடிகாரம்: மறதி நோயுள்ள துணைவருக்குச் சிறுநீர் அடங்காமல் போனால்

என் கணவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டிமென்ஷியா என்று தெரிந்த நாலாவது வருடம், ஒரு மதியம், கூடத்து மூலையில் இருந்த துணி வாளியில் நின்றபடியே சிறுநீர் கழித்துவிட்டார். நான் கத்திவிட்டேன். நனைந்த வேட்டியைக் கையால் மறைத்துக்கொண்டு, "மன்னிச்சிடுங்கம்மா" என்றார், ஏதோ வேற்று வீட்டுப் பெண்ணிடம் சொல்வதுபோல. அன்று சாயங்காலமே பெரியவர்களுக்கான டயபர் வாங்கி மாட்டிவிட்டேன். அது அவசரம் என்று பிறகுதான் புரிந்தது. அவருக்கு அடக்கும் சக்தி போகவில்லை. பாத்ரூம் எங்கே என்பதுதான் மறந்துபோயிருந்தது.

இந்த நிலைக்குப் புதிதாக வந்திருக்கும் மனைவிமாருக்கும் கணவன்மாருக்கும், என்ன வரிசையில் செய்வது என்று சொல்கிறேன்.

1. முதலில் டாக்டர்

திடீரென்று தொடங்கியிருந்தால் "நோய் முற்றிவிட்டது" என்று முடிவு கட்டாதீர்கள். சிறுநீர்ப் பாதைத் தொற்று, கட்டுக்குள் இல்லாத சர்க்கரை, ஆண்களுக்கு ப்ராஸ்டேட் வீக்கம், மலச்சிக்கல் இவற்றில் எதுவும் காரணமாக இருக்கலாம். வயதானவர்களுக்குத் தொற்று வந்தால் காய்ச்சலே இல்லாமல் குழப்பம் மட்டும் கூடுவதும் உண்டு. சிறுநீர்ப் பரிசோதனை ஒன்று எடுத்துவிடுங்கள்.

மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோங்கள். கால் வீக்கத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் தரும் நீர் பிரியும் மாத்திரையைக் காலையில் தரலாமா என்று கேளுங்கள். மறதிக்குத் தரும் டொனெபெசில் சிலருக்குச் சிறுநீர் அவசரத்தைக் கூட்டும். அதை அடக்க ஆக்ஸிபியூட்டினின் போன்ற மாத்திரை கொடுத்தால் அது மறதியைக் கூட்டலாம். ஒரு டாக்டர் எழுதியது இன்னொரு டாக்டருக்குத் தெரியாமல் இந்த இரண்டும் சேர்ந்துவிடுவது உண்டு. நாம்தான் இருவருக்கும் காட்ட வேண்டும்.

அடிவயிறு உப்பி, பல மணி நேரமாகச் சிறுநீர் வராமல் இருந்தாலோ, சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டே இருந்தாலோ சிறுநீர்ப்பை நிரம்பி வழிவதாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

2. மூன்று நாள் குறிப்பு

தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் போதும். எத்தனை மணிக்கு என்ன குடித்தார், எத்தனை மணிக்குப் போனார், எப்போது துணி நனைந்தது. மூன்று நாள் எழுதினால் ஒரு ஒழுங்கு தெரியும். எங்கள் வீட்டில் காலைக் காபிக்குப் பின் முக்கால் மணி, 11 மணி, மதியத் தூக்கம் கலைந்த உடனே. அந்த மூன்று நேரத்தைப் பிடித்ததும் பாதித் துணி குறைந்தது.

3. நேரம் பார்த்துக் கூட்டிப் போவது

நனைகிற நேரத்துக்குக் கால் மணி முன்னால் கூட்டிப் போங்கள். ஒழுங்கு எதுவும் தெரியாவிட்டால் பகலில் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை. சாப்பிட்டு முடித்ததும், தூங்கி எழுந்ததும், வெளியே கிளம்பும் முன்பும் கட்டாயம்.

"பாத்ரூம் வருதாங்க?" என்று கேட்காதீர்கள். "இல்லை" என்றுதான் பதில் வரும், ஏனென்றால் உடம்பு சொல்வது அவருக்கு எட்டுவதில்லை. "வாங்க, போயிட்டு வரலாம்" என்று கையை நீட்டுங்கள். என் கணவரிடம் அதுவும் பலிக்கவில்லை. ஒருநாள் என்னவோ தோன்றி, "வண்டி பத்து நிமிஷம் நிக்கும், போயிட்டு வந்துடுங்க" என்றேன். விருட்டென்று எழுந்துவிட்டார். திரும்பி வந்து உட்கார்ந்து, "ரைட், போலாம்" என்றார். இன்றுவரை எங்களுக்கு அந்த வசனம்தான். உங்கள் துணைவர் பார்த்த வேலையிலும் பழைய பழக்கத்திலும் இப்படி ஒரு வார்த்தை ஒளிந்திருக்கும். தேடிப் பாருங்கள்.

வேட்டியைப் பிடித்து இழுப்பது, இருப்புக்கொள்ளாமல் நடப்பது, கதவுக் கைப்பிடிகளைத் திருகுவது, மூலையைத் தேடுவது எல்லாம் அவர் பேசும் பேச்சு. உள்ளே போயும் வரவில்லையா? குழாயைத் திறந்துவிடுங்கள், தண்ணீர்ச் சத்தம் உதவும். அவசரப்படுத்தாதீர்கள்.

4. வழியைக் காட்டுங்கள்

பாத்ரூம் கதவு எப்போதும் திறந்திருக்கட்டும், இரவும் பகலும் விளக்கு எரியட்டும். கதவில் கமோடின் படம் ஒன்று ஒட்டுங்கள். வெள்ளைத் தரை, வெள்ளைச் சுவர், வெள்ளைக் கமோடு என்றால் அவர் கண்ணுக்கு எல்லாம் ஒன்றாகத் தெரியும். அடர் நிறத்தில் இருக்கை மாட்டினால் வித்தியாசம் தெரியும். குந்தி உட்காரும் கழிவறை மட்டும்தான் என்றால் மேலே வைக்கும் கமோடு நாற்காலி கிடைக்கிறது. கைப்பிடிக் கம்பி வைத்துவிடுங்கள், தரை ஈரமில்லாமல் இருக்கட்டும், உள்தாழ்ப்பாளை எடுத்துவிடுங்கள். கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தை வேறு ஆள் என்று நினைத்து வெளியே வந்துவிடுவோரும் உண்டு. அப்படி நடந்தால் கண்ணாடியைத் துணியால் மூடுங்கள். வாளி, குப்பைக்கூடை, பூந்தொட்டி இவற்றைக் கண்ணில் படாமல் நகர்த்துங்கள்.

உடை எளிதாக இருக்கட்டும். ஆண்களுக்கு லுங்கி அல்லது எலாஸ்டிக் பேண்ட், பெண்களுக்கு நைட்டி.

5. தண்ணீரைக் குறைக்காதீர்கள்

குறைத்தால் நனையாது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். சிறுநீர் அடர்த்தியானால் சிறுநீர்ப்பை எரிச்சலாகி இன்னும் அடிக்கடி வரும், மலமும் இறுகும். டாக்டர் தண்ணீர் அளவைக் கட்டுப்படுத்தியிருந்தால் தவிர, பகலில் தாராளமாகக் கொடுங்கள். மாலை 6 மணிக்குப் பிறகு குறைத்துக்கொள்ளலாம். காபி, டீ காலையோடு நிற்கட்டும்.

மலச்சிக்கலில் ஒன்று தெரிந்திருக்கவேண்டும். இறுகிய மலம் உள்ளே அடைத்துக்கொண்டு, அதன் ஓரமாக நீர்த்த மலம் கசியும். பார்ப்பதற்கு வயிற்றுப்போக்கு மாதிரியே இருக்கும். அதை நிறுத்த மாத்திரை கொடுத்தால் நிலைமை மோசமாகும், எனவே டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். காலைச் சாப்பாடு முடிந்து அரை மணிக்குள் கமோடில் உட்காரவைத்துப் பழக்குங்கள். குடல் தானாகவே வேலை செய்யும் நேரம் அது.

6. இரவுக்குப் படுக்கை

மெத்தைமேல் ரப்பர் ஷீட், அதன்மேல் பருத்தி விரிப்பு. அதற்கும் மேல் இன்னொரு ரப்பர் ஷீட், இன்னொரு விரிப்பு. நள்ளிரவில் நனைந்தால் மேல் இரண்டையும் உருவிப் போட்டுவிட்டுப் படுத்துவிடலாம், உங்கள் தூக்கம் மிச்சம். பழைய வேட்டியே விரிப்புக்கு நன்றாக இருக்கும். கட்டிலுக்குப் பக்கத்தில் யூரின் கேனோ கமோடு நாற்காலியோ வையுங்கள், பாத்ரூம்வரை மங்கலான விளக்கு.

7. இனி டயபர்

இத்தனையும் செய்த பிறகும் தேவைப்பட்டால் போடுங்கள், அதில் தவறே இல்லை. நடமாடுகிறவருக்கு ஜட்டி மாதிரி இழுத்து மாட்டும் வகை, படுத்த படுக்கையில் இருப்பவருக்கு இருபுறமும் ஒட்டும் வகை. இஞ்ச் டேப்பால் இடுப்பை அளந்து வாங்குங்கள். பெரிதாக இருந்தால் ஒழுகும். "டயபர்" என்ற சொல்லை நான் அவர் காதுபடச் சொல்வதில்லை. "புது ஜட்டிங்க" என்பேன்.

ஒட்டும் வகையை மாற்றும்போது கையுறை போட்டு, ஒருபக்கமாகச் சாய்த்து, பழையதை உள்பக்கமாகச் சுருட்டிக்கொண்டே புதியதை விரித்து, மறுபக்கம் சாய்த்து எடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரும் மென்மையான துணியும் போதும். பெண்களுக்கு எப்போதும் முன்னிருந்து பின்னாகத் துடைக்கவேண்டும், இல்லாவிட்டால் தொற்று வரும். ஆண்களுக்கு ஆணுறுப்பு கீழ்நோக்கி இருக்கும்படி கட்டினால் மேல்வழியாக ஒழுகாது. கிருமிநாசினி கலந்த தண்ணீர் வேண்டாம், தோல் எரியும். பவுடரும் வேண்டாம், மடிப்புகளில் கட்டியாகும். தேய்க்காமல் ஒற்றி உலர்த்தி, ஜிங்க் ஆக்ஸைடு கிரீம் மெல்லிதாகத் தடவுங்கள். மலம் போனால் உடனே மாற்றவேண்டும். தோல் சிவந்து, விரலால் அழுத்தினாலும் சிவப்பு மறையாமல் இருந்தால் அது படுக்கைப் புண்ணின் தொடக்கம். டாக்டரிடமோ நர்ஸிடமோ காட்டுங்கள்.

பயன்படுத்தியதைச் செய்தித்தாளில் சுற்றிக் குப்பை வண்டியில் தனியாகக் கொடுங்கள். கழிவறையில் போடாதீர்கள்.

வேலை குறையும் என்பதற்காகச் சிறுநீர்க் குழாய் போடச் சொல்லிக் கேட்காதீர்கள். தொற்று வரும், மறதியில் அவரே பிடுங்கிக் காயப்படுத்திக்கொள்ளவும் கூடும்.

8. ஒற்றை ஆளாக வேண்டாம்

2021 ஆகஸ்ட்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பராமரிப்பு தருகிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். மூத்த குடிமக்களுக்கான உதவி எண் 14567. யாரைக் கூப்பிட்டாலும் அந்த மூன்று நாள் காலண்டர் தாளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்கு, எவ்வளவு, எத்தனை தடவை என்றுதான் முதலில் கேட்பார்கள்.