வீட்டில் இரண்டாவது கார்: பிரிட்டனில் நோ கிளெய்ம்ஸ் போனஸை எந்தக் காரில் போடுவது?

பிரிட்டனில் கார் காப்புறுதிக்கு விலை கேட்டால், "எத்தனை வருட நோ கிளெய்ம்ஸ் இருக்கிறது?" என்று கட்டாயம் கேட்பார்கள். காப்புறுதியிடம் நட்டஈடு கேட்காமல் கடந்த வருடங்களின் கணக்கு அது; அதைப் பார்த்துத்தான் கட்டணத்தில் கழிவு தருவார்கள். என்சிபி (நோ கிளெய்ம்ஸ் போனஸ்) என்றும் என்சிடி (நோ கிளெய்ம்ஸ் டிஸ்கவுண்ட்) என்றும் எழுதியிருக்கும், இரண்டும் ஒன்றுதான். ஒரு கார் இருக்கும்வரை பெரிய சிக்கல் இல்லை. இரண்டாவது கார் வாசலுக்கு வந்ததும்தான் குழப்பம்.

இந்த வருடங்கள் காரோடு ஒட்டியவை அல்ல, பாலிசி யாருடைய பெயரில் இருக்கிறதோ அவருக்குரியவை. ஆனால் ஒரு நேரத்தில் ஒரு காரில்தான் பயன்படும். முதல் காரில் ஐந்து வருடத்தைப் போட்டுவிட்டு, இன்னொரு நிறுவனத்தில் இரண்டாவது காருக்கும் அதே ஐந்தைச் சொன்னால் அது பொய்த் தகவல். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் இங்கே விழாது.

அப்படியானால் இரண்டாவது கார் பூச்சியத்திலிருந்து தொடங்க வேண்டுமா? பெரும்பாலும் ஆம். ஆனால் முதல் காரின் வருடங்களைப் பார்த்து இரண்டாவதற்கும் அதே அளவு கழிவு தரும் நிறுவனங்கள் சில உண்டு. 'மிரர்' செய்வது என்பார்கள். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. அந்தச் சலுகை அந்த நிறுவனத்தின் வாசலோடு நின்றுவிடக்கூடும். அடுத்த வருடம் வேறிடம் போனால், இரண்டாவது காரில் உண்மையாகச் சேர்த்த ஒரு வருடத்தை மட்டும் ஏற்பார்கள். "நான் விலகும்போது சான்றில் எத்தனை வருடம் எழுதித் தருவீர்கள்?" என்று வாங்குவதற்கு முன்பே கேளுங்கள்.

ஒரே முகவரியில் உள்ள கார்களைச் சேர்க்கும் 'மல்டி கார்' பாலிசியிலும் வழக்கமாக ஒவ்வொரு காருக்கும் தனித்தனி என்சிபிதான். ஒரு காரில் கிளெய்ம் வந்தால் மற்றக் காரின் வருடங்கள் பொதுவாகக் குறையாது. ஆனாலும் அந்தச் சாரதி மற்றக் காரையும் ஓட்டுகிறார் என்றால் விபத்து அங்கேயும் கணக்கில் வரும், கட்டணம் ஏறலாம். சேர்ப்பதற்காக ஓடிக்கொண்டிருக்கும் பாலிசியை ஒன்பதாம் மாதத்தில் நிறுத்தாதீர்கள். பன்னிரண்டு மாதம் முடியாவிட்டால் அந்த வருடம் பொதுவாகக் கணக்கில் வராது. அது முடியும் திகதியில் இரண்டாவது காரைச் சேர்க்கப் பல நிறுவனங்கள் விடும்.

எந்தக் காருக்குப் போடுவது என்பதை ஊகிக்க வேண்டாம், இரண்டு விதமாகவும் விலை கேட்டுக் கூட்டிப் பாருங்கள். ஒரு கற்பனைக் கணக்கு: கழிவில்லாமல் ஒரு கார் 1,200 பவுண்ஸ், மற்றது 700, கழிவு பாதி. பெரியதில் போட்டால் மொத்தம் 1,300, சின்னதில் போட்டால் 1,550. உண்மையான வீதம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

கணவன், மனைவி இருவரும் ஓட்டும் வீடுகளில் அதிகம் நட்டப்படுவது வேறு இடத்தில். கணவரின் பாலிசியில் மனைவியைக் கூடுதல் சாரதியாகப் போட்டால், பத்து வருடம் ஓட்டினாலும் அவர் பெயரில் பொதுவாக ஒரு வருடமும் சேராது. இரண்டாவது காரை முக்கியமாக ஓட்டப் போவது அவர்தான் என்றால், முதல் வருடம் சற்றுக் கூடினாலும் பாலிசியை அவர் பெயரில் எடுப்பதே நல்லது. இதையே தலைகீழாக, மகன் தினமும் ஓட்டும் காருக்கு அப்பாவை முக்கிய சாரதி என்று காட்டுவது 'ஃபிரண்டிங்', மோசடி. விபத்து நடந்த பிறகு பிடிபட்டால் கிளெய்மே நிராகரிக்கப்படலாம்.

ஊரில் சேர்த்த வருடங்களைப் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை, சில ஏற்கும். வரும்போதே பழைய நிறுவனத்திடம் பெயர், வாகன இலக்கம், திகதிகள், கிளெய்ம் இல்லாத வருடங்கள் எல்லாம் ஆங்கிலத்தில் உள்ள கடிதம் வாங்கி வாருங்கள். ஒப்பீட்டு இணையத்தளங்களில் இதற்கு இடம் இராவிட்டால் தரகரிடம் தொலைபேசியில் கேளுங்கள். இடையில் கார் இல்லாமல் இருந்தால் இந்தியாவில் என்சிபி 90 நாளில் போய்விடும், இங்கே வழக்கமாக இரண்டு வருடம் தாங்கும்.

கிளெய்ம் செய்தால் இந்தியாவைப் போல ஒரேயடியாகப் பூச்சியம் ஆவதில்லை. உதாரணமாக ஐந்து வருடம் மூன்றாகக் குறையலாம். நிறுத்தியிருந்த காரை யாரோ இடித்துவிட்டு ஓடினால்கூட, செலவை யாரிடமும் மீட்க முடியாததால் அது உங்கள் கணக்கில்தான் விழும். கூடுதல் பணம் கட்டி என்சிபியைப் 'பாதுகாத்தால்' வருடங்கள் காக்கப்படும்; ஆனால் கட்டணம் ஏறாது என்று அர்த்தமில்லை. அதை விற்பவர்கள் வருடத்துக்கு எவ்வளவு கழிவு, கிளெய்முக்குப் பின் எவ்வளவு என்ற அட்டவணையைக் காட்டுவார்கள். வாங்குமுன் அதைப் படியுங்கள்.

பாலிசி எடுத்ததும் சான்று கேட்டுக் கெடு வைப்பார்கள். பழைய நிறுவனத்தின் புதுப்பித்தல் கடிதமே பெரும்பாலும் போதும்; பெயர், வருடங்கள், முடிவுத் திகதி இருக்கிறதா என்று பாருங்கள். கெடு தவறினால் கட்டணத்தைக் கூட்டலாம், பாலிசியையே ரத்துச் செய்யலாம். ரத்தானதைப் பின்னால் ஒவ்வொரு நிறுவனமும் கேட்கும். காப்புறுதி இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் 300 பவுண்ஸ் அபராதமும் லைசன்ஸில் 6 புள்ளிகளும். லைசன்ஸ் எடுத்து இரண்டு வருடத்துக்குள் 6 புள்ளி விழுந்தால் லைசன்ஸே போய், மறுபடி பரீட்சை எழுத வேண்டும்.