பாசிமணியில் ஒரு பவளமல்லி

திருவாரூர் மாவட்டத்துத் திருக்களர் கோயிலின் தல மரமான பவளமல்லியைவிட, மணிவேலை பழகுவதற்குப் பொருத்தமான பூவை நான் கண்டதில்லை. விடியலில் உதிர்ந்த பூவொன்றை வாழை இலையில் வைத்து, இதழ்கள் காற்றாடியைப் போல ஒரே பக்கம் சாய்ந்திருப்பதையும், அவற்றின் நுனி சற்றுப் பிளந்திருப்பதையும், வெயிலேறி அது வாடுமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பூவைத் தோடாகச் செய்ய 2 மி.மீ. பாசிமணிகளும் 0.3 மி.மீ. செம்புக் கம்பியும் போதும்; நான் முதலில் இரும்புக் கம்பியில் செய்த தோடு, ஐப்பசி அடைமழையின் ஈரத்தில் துருவேறி வெள்ளை மணிகளையும் பழுப்பாக்கிவிட்டது. 25 செ.மீ. கம்பியின் நடுவில் இரண்டு வெள்ளை மணிகளை நிறுத்தி, அடுத்த வரிசைக்கு மூன்று மணிகளை ஒரு முனையில் கோத்து, மறுமுனையை அதே மணிகளுக்குள் எதிர்த்திசையில் செலுத்தி, இரு வரிசைகளும் இடைவெளியின்றி ஒட்டும்வரை இழுக்க வேண்டும். பின்னர் இரண்டு, ஒன்று எனக் குறைத்தால் இதழ் முடிந்துவிடும். முதலில் நிறுத்திய இரு மணிகளே நுனியின் பிளவைக் காட்டும்.

இவ்வாறு செய்த ஆறு இதழ்களின் அடிக்கம்பிகளையும் சேர்த்து முறுக்கினால் காம்பு கிடைக்கும். பன்னிரண்டு இழைகளின் பருமன் பாசிமணித் துளைக்குள் நுழையாது என்பதால், செம்மஞ்சள் மணிகளைத் தனிக் கம்பியில் கோத்து, காம்பின்மேல் நெருக்கமாகச் சுற்றுங்கள். கடைசியாக, இதழ்களை ஒரே பக்கம் இலேசாகத் திருப்பிவிட்டு, தோட்டுக் கொக்கியை மாட்டுங்கள்.