ஆர்.பி.ஜி. தொடர்களில் உங்கள் முடிவுகளை அடுத்த பாகத்துக்குக் கொண்டு செல்வது எப்படி

முதல் பாகத்தில் யாரைக் காப்பாற்றினோம், யாரைக் கைவிட்டோம், யாரை அரியணையில் அமர்த்தினோம் என்பதையெல்லாம் அடுத்த பாகம் நினைவில் வைத்திருக்கும் என்று நம்பித்தான் பலர் ஒரு ஆர்.பி.ஜி. (பாத்திரமேற்று ஆடும் வீடியோ கேம்) தொடரை அதன் முதல் பாகத்திலிருந்தே ஆடத் தொடங்குகிறார்கள். அந்த நம்பிக்கை வீண்போகாமல் இருக்க, ஆட்டத்தைத் தொடங்கும் முன்பும், ஒரு பாகம் முடியும் தறுவாயிலும், அடுத்த பாகத்தின் முதல் ஒரு மணி நேரத்திலும் கவனிக்க வேண்டியவை சில உள்ளன. மாஸ் எஃபெக்ட், டிராகன் ஏஜ், விட்சர் ஆகிய தொடர்களின் கதைத் திருப்பங்கள் இங்கே எடுத்துக்காட்டுகளாக வருகின்றன. அவற்றை இன்னும் ஆடாதவர்கள் இதை மனத்தில் கொண்டு மேலே படிக்கவும்.

ஆட்டத்தைச் சேமிக்கும்போது எழுதப்படும் சேவ் கோப்பில் நீங்கள் ஆடிய கதை அப்படியே பதிந்திருக்கும் என்று எண்ண வேண்டாம். முடிவுகளைப் பொறுத்தவரை அதில் இருப்பவை, இன்னார் உயிரோடு இருக்கிறாரா, இன்ன பணி முடிந்ததா என்பன போன்ற கேள்விகளுக்கான விடைகளைக் குறிக்கும் சிறு குறிகள்தாம். அடுத்த பாகத்தை உருவாக்கியவர்கள் அவற்றுள் தங்களுக்குத் தேவையானவற்றை மட்டும் தேடி எடுத்துப் படிக்கிறார்கள். மற்றவை கோப்பிலேயே கிடக்கின்றன. படிக்கும்போதும் பிழை நேரலாம். 2007இல் வந்த மாஸ் எஃபெக்ட் முதல் பாகத்தில் கான்ராட் வெர்னர் என்ற ரசிகர் ஒருவர் வருவார். அவரிடம் நீங்கள் கனிவாகவே நடந்திருந்தாலும், 2010இல் வந்த இரண்டாம் பாகம் அந்தக் குறியைத் தவறாகப் படித்து, நீங்கள் அவர் முகத்துக்கு நேரே துப்பாக்கியை நீட்டியதாக அவரையே சொல்ல வைத்தது. 2012இல் வந்த மூன்றாம் பாகத்தில் அவர் அதற்காக வருத்தம் தெரிவித்து, மன அழுத்தத்தில் அப்படிச் சொல்லிவிட்டதாகச் சமாளிப்பார். நிரல் பிழையொன்றை இவ்வளவு நயமாகக் கதைக்குள் இழுத்துக்கொண்ட இடம் வேறு எனக்கு நினைவில்லை.

ஆகவே, ஒரு தொடரைக் கையில் எடுக்கும்போது, முந்தைய பாகத்தின் விடைகளை அது எந்த வழியில் பெற்றுக்கொள்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சேவ் கோப்பை நேரடியாகப் படிப்பவை உண்டு. உங்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்பவை உண்டு. எதையும் கேட்காமல் தாமே ஒரு முடிவை உண்மை என்று வைத்துக்கொள்பவையும் உண்டு. இது தெரியாமல் எழுபது மணி நேரம் பார்த்துப் பார்த்து ஆடிவிட்டு, கடைசியில் அடுத்த பாகம் அந்தக் கோப்பைத் திறப்பதே இல்லை என்று அறிவது பெரிய ஏமாற்றம்.

சேவ் கோப்பைப் படிக்கும் தொடர்கள்

இவ்வகைத் தொடர்களில் எல்லாப் பாகங்களையும் ஒரே தளத்தில் ஆடுவதுதான் பாதுகாப்பானது. ஒரு கன்சோலில் முதல் பாகத்தை முடித்துவிட்டு, கணினியில் இரண்டாம் பாகத்தைத் தொடங்கினால் கோப்பைக் கொண்டு செல்லப் பெரும்பாலும் வழி இருக்காது. மாஸ் எஃபெக்ட் 2 பிளேஸ்டேஷன் 3க்கு 2011இல் வந்தபோது அந்த கன்சோலில் முதல் பாகமே இல்லை. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் ஜெனிசிஸ் என்ற ஊடாடும் படக்கதையை அதில் சேர்த்தார்கள். முதல் பாகத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிக்கொண்டே முக்கியமான இடங்களில் மட்டும் உங்கள் முடிவைக் கேட்கும் படக்கதை அது. மூன்று பாகங்களும் ஒன்றாகச் சேர்ந்து 2021இல் வெளியான லெஜண்டரி எடிஷனில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது என்பதால், புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அதையே பரிந்துரைப்பேன்.

அடுத்தது முடிவுச் சேவ். பெரும்பாலான கேம்கள், கடைசிச் சண்டை முடிந்து பெயர்ப்பட்டியல் ஓடிய பிறகு எழுதப்படும் சேவ் கோப்பைத்தான் இறக்குமதிக்கு, அதாவது அடுத்த பாகத்துக்குள் கொண்டுவர, ஏற்கும். பெயர்ப்பட்டியல் ஓடும்போதே கேமை மூடிவிடும் பழக்கம் இருந்தால் அதை இங்கே கைவிட வேண்டும். திரை தலைப்புப் பக்கத்துக்கோ, ஆட்டத்தைத் தொடரும் இடத்துக்கோ தானாக வந்து சேரும்வரை பொறுத்திருங்கள். பிறகு அந்தக் கோப்பை வேறோர் இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். கணினியில் லெஜண்டரி எடிஷனின் சேவ்கள் டாக்குமெண்ட்ஸ் கோப்புறைக்குள் பயோவேர் என்ற கோப்புறையில், பாகத்துக்கு ஒன்றாகத் தனித்தனியே இருக்கும். க்ளவுட் சேமிப்பை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்: அது உங்கள் கணினியில் உள்ளதன் பிரதியே ஒழிய காப்பகம் அன்று, ஆகவே இங்கே அழிந்தது அங்கேயும் அழிந்துபோகக்கூடும். இரண்டு பாகங்களுக்கு இடையில் ஓராண்டு இடைவெளி விடுபவர்களுக்கு இந்த நகல் கட்டாயம் தேவை.

சில முடிவுகள் இறக்குமதிக்கே தடையாகும். மாஸ் எஃபெக்ட் 2இன் இறுதிப் பணியில் உடன் வந்த வீரர்களில் குறைந்தது இருவராவது பிழைக்காவிட்டால் நீங்கள் ஆடும் நாயகரான தலைவர் ஷெப்பர்டும் இறந்துவிடுவார். துயரமான, நன்றாக எழுதப்பட்ட முடிவுதான். ஆனால் அந்தச் சேவை மூன்றாம் பாகம் ஏற்காது. கப்பலின் மேம்பாடுகளையும் வீரர்களின் விசுவாசப் பணிகளையும் முடித்துவிட்டு இறுதிப் பணிக்குச் செல்வது இதனால் இரட்டிப்பு முக்கியத்துவம் பெறுகிறது.

இறக்குமதி செய்தபின், குறிகள் சரியாக வந்து சேர்ந்தனவா என்று உடனே சோதித்துப் பாருங்கள். பல கேம்கள் தொடக்கத்திலேயே இதற்கு ஓர் இடம் வைத்திருக்கும். மாஸ் எஃபெக்ட் 2இல் ஆய்வு நிலையத்திலிருந்து தப்பிச் செல்லும் சிறு கலத்தில், ஷெப்பர்டின் நினைவாற்றலைச் சோதிப்பதாகச் சொல்லி ஜேக்கப்பும் மிராண்டாவும் சில கேள்விகள் கேட்பார்கள். முதல் பாகத்தில் விர்மைர் என்ற கோளில் இறந்தவர் யார், விண்மீன் மண்டலத்தை ஆளும் அவைக்கு (கவுன்சிலுக்கு) யாரைப் பரிந்துரைத்தீர்கள் என்பன அந்தப் பேச்சில் வெளிப்படும். நீங்கள் செய்ததற்கு மாறாக ஏதேனும் அங்கே தென்பட்டால் அப்போதே நிறுத்திவிட்டு, சரியான சேவைத் தேர்ந்தெடுத்து மீண்டும் தொடங்குங்கள். அந்த இடத்தில் போவது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. நாற்பதாவது மணி நேரத்தில் தெரியவந்தால் யாருக்கும் திரும்பிப் போக மனம் வராது.

எந்த முடிவுக்கு எடை அதிகம்

எல்லா முடிவுகளுக்கும் ஒரே அளவு கவலைப்படத் தேவையில்லை. முன்னர் எடுத்த முடிவொன்று பின்னர் வேறொரு முடிவோடு கூடிப் புதிய விளைவைத் தரும் இடங்களில்தான் இத்தொடர்களின் உண்மையான பயன் இருக்கிறது. அதற்கு நான் அறிந்த சிறந்த எடுத்துக்காட்டு, மாஸ் எஃபெக்ட் தொடரில் க்ரோகன் இனத்தின் பிறப்பு விகிதத்தைக் குலைக்கும் ஜீனோஃபேஜ் என்ற உயிரியல் ஆயுதம் பற்றிய கிளைக்கதை. முதல் பாகத்தில் விர்மைர் கடற்கரையில், உடன் வரும் க்ரோகன் வீரர் ரெக்ஸ் உங்களை எதிர்த்து நிற்பார். பேச்சுத் திறன் போதுமான அளவு இருந்தாலோ, அவருடைய குடும்பக் கவசத்தை முன்னரே மீட்டுத் தந்திருந்தாலோ அவரை அமைதிப்படுத்தலாம். இல்லையென்றால் அவர் அங்கேயே உயிரிழக்க நேரிடும். இரண்டாம் பாகத்தில் உடன் வரும் விஞ்ஞானி மோர்டினின் விசுவாசப் பணி முடியும் இடத்தில், ஜீனோஃபேஜுக்கு மருந்து தேடிய மேலான் என்பவரின் ஆய்வுத் தரவை வைத்துக்கொள்வதா அழிப்பதா என்ற கேள்வி வரும். மூன்றாம் பாகத்தில் இவ்விரண்டும் ஒன்றுசேர்கின்றன. தரவை அழித்திருந்தால் ஈவ் என்ற க்ரோகன் பெண் பிழைப்பதில்லை. ரெக்ஸ் இறந்திருந்தால் அவர் இடத்தில் பழிவெறி கொண்ட ரீவ் தலைவராக இருப்பார். இவை இரண்டுமே நேர்ந்திருந்தால் மட்டும், மருந்தைப் பரப்ப வேண்டாம் என்று மோர்டினை இணங்க வைத்து அவர் உயிரைக் காப்பாற்ற முடியும். ரெக்ஸ் உயிரோடு இருக்கும்போது அந்த மருந்தை மறைமுகமாகக் கெடுத்தால், உண்மை தெரிந்து அவர் உங்களைத் தேடி வருவார். ஐந்தாண்டு இடைவெளியில் வந்த மூன்று கேம்கள் ஒரே காட்சியில் இவ்வளவு இறுக்கமாகப் பின்னிக்கொள்வது அரிது.

இதற்கு நேர்மாறான இடங்களும் உண்டு. அதே தொடரின் முதல் பாகத்தில் ரக்னை என்ற பூச்சி போன்ற இனத்தின் ராணியைக் கொல்வதா விடுவிப்பதா என்பது உலகத்தின் போக்கையே மாற்றப்போகும் முடிவு போலத் தோன்றும். ஆனால் மூன்றாம் பாகத்தில் எப்படியும் ரக்னைகள் வருகின்றன. நீங்கள் ராணியைக் கொன்றிருந்தால் செயற்கையாக உருவாக்கப்பட்ட இன்னொன்று அங்கே இருக்கும். அவைக்கு உடினாவை விட்டுவிட்டு ஆண்டர்சனைப் பரிந்துரைத்திருந்தாலும் மூன்றாம் பாகத்தில் அந்தப் பதவியில் இருப்பவர் உடினாதான். 2009இல் வந்த டிராகன் ஏஜ் ஆரிஜின்ஸில் புனிதச் சாம்பலை மாசுபடுத்தினால் உடன் வரும் லெலியானாவோடு சண்டையிட்டு அவரைக் கொல்ல நேரலாம். எனினும் அவர் அடுத்த பாகங்களில் உயிரோடு நடமாடுகிறார். இவற்றைப் படைப்பாளிகளின் அலட்சியம் என்று பலர் குறைகூறுவதுண்டு. ஒவ்வொரு முடிவுக்கும் தனித்தனிக் கதை எழுதி, குரல் பதிவு செய்து, சோதிப்பதற்கு ஆகும் உழைப்பைக் கணக்கிட்டால், பிரிந்த கிளைகளை ஓரிடத்தில் மீண்டும் இணைப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை என்பது என் கருத்து. ஆனால் உடினா விஷயத்தில், காரணம் சொல்லும் அந்த இரண்டு வரி வசனத்தை இன்னும் கொஞ்சம் அக்கறையோடு எழுதியிருக்கலாம்.

ஆடுபவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது எளியது: நீங்கள் விரும்பும் ஒரு பாத்திரத்தின் உயிரோ, ஓர் இனத்தின் தலைமையோ அடங்கிய இடங்களில் தனிச் சேவ் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; மற்ற இடங்களில் மனம் போன போக்கில் ஆடுங்கள். ஒவ்வொரு உரையாடலுக்குப் பின்னும் வழிகாட்டிப் பக்கங்களைப் பார்த்து, சேவை மீண்டும் ஏற்றி ஆடுபவர்களுக்குக் கிடைப்பது எல்லோரும் பிழைத்த, எல்லோருடையதையும் ஒத்த ஒரே கதைதான்.

கேட்டுத் தெரிந்துகொள்ளும் தொடர்கள்

இத்தொடர்களை ஆடும்போது ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்வது நல்லது. ஒவ்வொரு பாகம் முடிந்ததும் பெரிய முடிவுகளை ஒரு பக்கத்துக்குள் எழுதி வைத்தால் போதும். 2015இல் வந்த விட்சர் 3இல் இதன் பயன் உடனே தெரியும். கணினியில் இரண்டாம் பாகத்தின் சேவை அது ஏற்கும். கன்சோலில் ஆடுபவர்கள், புதிய ஆட்டம் தொடங்கும்போது முந்தைய பாகத்தின் சேவ் இருப்பதாகப் பாவனை செய்யும் தேர்வை இயக்கி வைக்க வேண்டும். அப்படிச் செய்தால், விசிமா அரண்மனையில் நாயகன் ஜெரால்ட்டுக்கு முகச்சவரம் நடக்கும்போது நில்ஃப்கார்ட் தளபதி ஒருவர் வந்து பழைய நிகழ்வுகளைப் பற்றி விசாரிப்பார். இரண்டாம் பாகத்தில் ரோச்சின் பக்கம் நின்றீர்களா, ஐயோர்வெத்தின் பக்கமா, எதிராளியான லேதோவைக் கொன்றீர்களா, விட்டீர்களா என்பதெல்லாம் அங்கே வரும். லேதோ பிழைத்ததாகச் சொன்னால் மட்டுமே வெலன் பகுதியில் ஒரு பாழடைந்த மாளிகையில் அவரைச் சந்திக்கும் துணைப்பணி கிடைக்கும். பின்னர் கேர் மோர்ஹனில் நடக்கும் போருக்கும் அவரை அழைத்துக்கொள்ளலாம். தேர்வை அணைத்துவிட்டுத் தொடங்கினால் இந்த விசாரணையே நடக்காது.

டிராகன் ஏஜ் தொடர் தன் வழியை நடுவில் மாற்றிக்கொண்டது. 2011இல் வந்த இரண்டாம் பாகம் ஆரிஜின்ஸ் சேவைப் படித்தது. சேவ் இல்லாதவர்களுக்கு மூன்று முன்கதைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தந்தது. 2014இல் வந்த இன்குவிசிஷன் பழைய சேவ் எதையும் படிக்காது. அதற்குப் பதிலாக டிராகன் ஏஜ் கீப் என்ற இணையதளத்தில் முந்தைய இரு பாகங்களின் முடிவுகளையும் நீங்களே ஒவ்வொன்றாகக் குறித்து, ஓர் உலகநிலையை உருவாக்கி அனுப்ப வேண்டும். புதிய ஆட்டத்தைத் தொடங்கும் முன்பே இதைச் செய்து முடியுங்கள். ஆட்டம் தொடங்கிவிட்டால் அந்த ஆட்டத்தின் உலகநிலையை மாற்ற இயலாது. ஆரிஜின்ஸின் இறுதிப் போருக்கு முந்தைய இரவில், உடன் வரும் சூனியக்காரி மோரிகன் முன்வைக்கும் சடங்கை ஏற்றீர்களா மறுத்தீர்களா என்பதை மட்டும் எக்காரணம் கொண்டும் தவறாகக் குறித்துவிடாதீர்கள். இன்குவிசிஷனில் மோரிகனோடு வரும் காட்சிகளின் கனம் அதைச் சார்ந்தது. 2024இல் வந்த வெயில்கார்ட் இதையும் சுருக்கிக்கொண்டு, பாத்திரத்தை உருவாக்கும் திரையிலேயே இன்குவிசிஷனைப் பற்றி மூன்று முடிவுகளை மட்டும் கேட்கிறது. கீப்பில் குறித்தவை எவையும் அதற்குச் செல்வதில்லை என்பதால், வெயில்கார்டை மட்டும் எண்ணி முதல் இரண்டு பாகங்களையும் திரும்ப ஆடுவதில் பயன் இல்லை. கதைக்காக ஆடுவது வேறு.

கேள்வி கேட்பதை மிக அழகாகச் செய்த கேம் 2004இல் வந்த ஸ்டார் வார்ஸ் நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக் 2 என்பேன். தொடக்கத்தில் ஆட்டன் என்ற பாத்திரம், முந்தைய பாகத்தின் முக்கியப் பாத்திரமான ரெவனைப் பற்றிப் பேச்சுவாக்கில் கதைக்கும். ரெவன் ஆணா பெண்ணா, நல்வழியில் நின்றாரா தீயவழியில் சென்றாரா என்பதை நீங்கள் திருத்திச் சொல்லும் பதில்களே முந்தைய பாகத்தின் முடிவாகிவிடும். இவ்வகை உரையாடல்களை அவசரத்தில் தாண்டிவிடாதீர்கள், ஏனெனில் இதுதான் கேள்வி என்ற அறிவிப்பு எதுவும் திரையில் வருவதில்லை.

எதையும் கேட்காத தொடர்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எல்டர் ஸ்க்ரோல்ஸ் தொடரில் 1996இல் வந்த டாகர்ஃபாலுக்குப் பல முடிவுகள் இருந்தன. காலமே முறிந்து அவை அனைத்தும் ஒரே நேரத்தில் நிகழ்ந்தன என்று பின்னர் வந்த பாகம் அறிவித்துவிட்டது. பால்டர்ஸ் கேட் 3 முந்தைய கதைக்கு நூறாண்டுக்கும் பிற்பட்ட காலத்தில் நடக்கிறது. பழைய சேவை அது கேட்பதும் இல்லை. இத்தகைய தொடர்களில் எந்தப் பாகத்திலிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம்.

தொடரின் நடுவிலோ கடைசியிலோ நுழைபவர்கள், எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் கேம் எந்த நிலையை எடுத்துக்கொள்கிறது என்பதைப் பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும். மாஸ் எஃபெக்ட் 2ஐ இறக்குமதியோ ஜெனிசிஸோ இன்றித் தொடங்கினால் ரெக்ஸ் இறந்தவர், பழைய அவையினர் இறந்தவர்கள், ரக்னை ராணியும் கொல்லப்பட்டவள் என்றே அது வைத்துக்கொள்ளும். ஜெனிசிஸ் வழியாகச் சென்றால் இவற்றை மாற்றலாம். ஆனால் அது முக்கியமான சில முடிவுகளையே கேட்கும், ஃபெரோஸ் குடியேற்றத்தில் நடந்தவை போன்ற சிறியவை அதில் இடம்பெறா. அவையும் வேண்டும் என்றால் முதல் பாகத்தை முழுமையாக ஆடித்தான் ஆக வேண்டும். கணினியில் ஆடுபவர்கள் வேறொரு ரசிகர் பகிர்ந்த முடிவுச் சேவைப் பெற்றுக்கொள்வதும் உண்டு; அப்படிச் செய்வதாக இருந்தால், அந்தச் சேவில் உள்ள முடிவுகளின் பட்டியலையும் சேர்த்தே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.