கட்டுரை நோட்டுக்கு மார்க் போடும் முன்

பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் பொதுக்கட்டுரைக்கு 8 மதிப்பெண். அந்த எட்டை எப்படிப் பிரிப்பது என்று நோட்டைத் திறக்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். வகுப்பில் எழுதவைக்கும் கட்டுரைகளுக்கு என் கணக்கு இது: முன்னுரை, முடிவுரை சேர்த்து 1, உட்தலைப்பு பிரித்து வரிசையாகச் சொன்னால் 1, கருத்துக்கு 4, மொழிக்கு 2. தலைப்புக் கொடுக்கும் அன்றே இதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டுவிடுவேன்.

முதலில் பேனாவைத் தொடாமல் ஐந்தாறு நோட்டுகளைப் படியுங்கள். வகுப்பின் தரம் பிடிபடும். இல்லாவிட்டால் முதல் நோட்டுக்குக் கஞ்சத்தனம், கடைசி நோட்டுக்குத் தாராளம் என்று ஆகிவிடும்.

சிக்கல் கருத்துக்கான நான்கில்தான். 'நீர் மேலாண்மை' என்று தலைப்புக் கொடுத்தால் பாதி வகுப்பு 'நீரின்றி அமையாது உலகு' என்றுதான் ஆரம்பிக்கும். (வள்ளுவர் சொன்னதைப் பாரதியார் தலையில் கட்டுகிறவர்களும் உண்டு.) நோட்ஸ் வரிகள் பிழையே இல்லாமல் வந்து நிற்கும். அதற்கு 2 போதும். ஒரு பையன் இப்படி எழுதியிருந்தான்: "எங்க ஊர் கன்மாயில மடை ஒடஞ்சு கெடக்கு. கலுங்கு பாஞ்சு ரொம்ப நாளாச்சு. உள்ள கருவேல மரம் மண்டிப்போச்சு." பேச்சு வழக்கு, போதாக்குறைக்கு எழுத்துப்பிழை. மொழிக்கு 1தான். ஆனால் கண்ணால் பார்த்ததை எழுதியிருக்கிறான், காரணமும் சொல்லியிருக்கிறான். கருத்துக்கு நான்கையும் கொடுத்தேன்.

ஒரே பிழை பத்து இடத்தில் வந்தாலும் ஒரு பிழைதான். முதல் இடத்தில் வட்டமிட்டு, ஓரத்தில் 'கண்மாய்' என்று எழுதிவிட்டு மற்றதை விடுங்கள். பக்கம் முழுக்கச் சிவப்பு மை ஓடினால் பிள்ளைகள் எதையும் படிக்க மாட்டார்கள். ஒற்று மிகும் இடங்களை நான் அதிகம் துரத்துவதில்லை. ல, ள, ழ மாறிப் பொருளே மாறினால் விடமாட்டேன். கையெழுத்துக்குத் தனி மதிப்பெண் கிடையாது.

அடியில் வெறும் 6 என்று போடாதீர்கள். 1+1+3+1 என்று ஓரத்தில் பிரித்து எழுதுங்கள். 'நன்று' என்பதற்குப் பதில், 'மடையைச் சரிசெய்ய யாரிடம் மனுக் கொடுக்கலாம்? ஒரு பத்தி சேர்' என்பதுபோல ஒரு வேலை சொல்லுங்கள். "எனக்கு மட்டும் ஏன் ஐயா குறைச்சல்?" என்று வருகிறவனுக்குப் பதில் அந்த ஓரத்திலேயே இருக்கும். கூட்டலை மட்டும் இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள். நோட்டு கைக்கு வந்ததும் அவர்கள் முதலில் சரிபார்ப்பது அதைத்தான்.