ஏர் டூலிலிருந்து பேட்டரி டூலுக்கு: எதை முதலில் மாற்றுவது, எதைத் தொடவே கூடாது

பட்டறையில் காற்றில் ஓடும் கருவிகளை விட்டுவிட்டு பேட்டரிக்கு மாறலாமா என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது, கம்ப்ரஸரை அவசரப்பட்டு விற்றுவிடாதீர்கள் என்பதுதான். மாறுங்கள், தாராளமாக மாறுங்கள். ஆனால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்ற வேண்டாம். நட்டை அடித்து அடித்துச் சுழற்றும் இம்பாக்ட், இடுக்கில் நட்டைச் சுழற்றும் ராட்செட் போன்றவற்றில் பேட்டரி இன்றைக்கு ஏர் டூலைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும், ஆனால் வேறு சில வேலைகளில் அதன் பக்கத்தில்கூட வர முடியாது. எது எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டு வரிசையாக மாற்றினால் கைக்காசும் மிஞ்சும், வேலையும் நிற்காது.

பிரித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. அந்தக் கருவி ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று பாருங்கள். வீல் நட் கழற்றும் இம்பாக்ட் ஒரு நட்டுக்கு இரண்டு மூன்று விநாடி ஓடும், அப்புறம் ஓய்வு. பாடி வேலையில் சாண்டர் அப்படி இல்லை, விசையை அழுத்தினால் நிமிடக்கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும். விட்டு விட்டு ஓடும் வேலை பேட்டரிக்கு, விடாமல் ஓடும் வேலை காற்றுக்கு. காரணமும் எளிதுதான். அழுத்தத்திலிருந்து விடுபட்டு விரியும் காற்று குளிரும் என்பதால் ஏர் மோட்டார் எவ்வளவு ஓடினாலும் சூடேறித் தவிக்காது, நெருக்கிப் பிடித்து நிறுத்தினாலும் எரியாது. மின்மோட்டாரும் பேட்டரியும் சூடாகும், ஒரு கட்டத்துக்கு மேல் போனால் பாதுகாப்பு சர்க்யூட் தானாகவே நிறுத்திவிடும்.

புதிது வாங்கப் போவதற்கு முன்னால் இப்போதிருக்கும் ஏர் கன்னை, அதாவது காற்றில் ஓடும் இம்பாக்ட்டை, சரியாகச் சோதித்துப் பாருங்கள். பெரும்பாலான ஏர் டூல்களுக்கு 90 பிஎஸ்ஐ அழுத்தம் வேண்டும், அதுவும் டேங்க் மீட்டரில் இல்லை, டூலின் வாயில், விசையை அழுத்தி ஓடவிட்ட நிலையில். கன்னின் அடியில் ஒரு சின்ன மீட்டரை மாட்டி ஓட்டிப் பாருங்கள். கால் இன்ச் உள்விட்டம் உள்ள ஒல்லியான ஹோஸ், நடுவில் இரண்டு மூன்று கப்ளர், அழுக்கடைந்த ஃபில்டர் எல்லாம் சேர்ந்தால் டேங்கில் 120 காட்டும்போதுகூட கன்னுக்கு வந்து சேர்வது பாதியாக இருக்கும். பேட்டரி கன் ஏர் கன்னைவிட இரண்டு மடங்கு பலம் என்று சொல்பவர்களில் பலர், மூச்சுத் திணறும் ஏர் கன்னோடு ஒப்பிட்டுத்தான் அப்படிச் சொல்கிறார்கள். பேட்டரிக்கு மாறிய பிறகும் சில வேலைகளுக்குக் காற்று தேவைப்படும், அதனால் 3/8 இன்ச் ஹோஸ் போட்டு, ஒழுகும் ஜாயின்ட்டைச் சரிசெய்வது எப்படியும் வீண் போகாது. பராமரிப்பில்லாத லைன்களில் கம்ப்ரஸர் அடிக்கும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் வரை ஒழுகலிலேயே போய்விடுகிறது.

சரி, வாங்குவதற்கு வருவோம். டூலைப் பார்த்து மயங்காதீர்கள், முதலில் பேட்டரியைத் தேர்ந்தெடுங்கள். மில்வாக்கி, மக்கீட்டா, டிவால்ட், போஷ் என்று எதை எடுத்தாலும் ஒரு கம்பெனியின் பேட்டரி இன்னொன்றில் பொருந்தாது. ஒரே கம்பெனிக்குள்ளும் 12 வோல்ட் ஒரு குடும்பம், 18 வோல்ட் தனிக் குடும்பம். அடாப்டர் போட்டு மாற்றி ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள், நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். பேட்டரியும் டூலும் சூட்டையும் வோல்டேஜையும் ஒன்றுக்கொன்று பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு அங்கே அறுந்துபோக வாய்ப்பிருக்கிறது. ஆகவே கடையில் ஒரு இம்பாக்ட்டை மட்டும் பார்க்காமல், அந்த பேட்டரியில் 3/8 இம்பாக்ட் (சாக்கெட் மாட்டும் முனை 3/8 இன்ச்), ராட்செட், கிரைண்டர், லைட் எல்லாம் வருகிறதா, பழுதானால் பக்கத்தில் சர்வீஸ் கிடைக்குமா என்று பாருங்கள். முதல் டூலோடு நீங்கள் வாங்குவது அடுத்த பத்து டூலுக்கான முடிவு. பின்னால் வாங்குபவற்றை பேட்டரி இல்லாமல் வெறும் பாடியாக வாங்கிக்கொள்ளலாம், அங்கேதான் செலவு குறையும்.

பெட்டியில் 20 வோல்ட் மேக்ஸ் என்று போட்டிருந்தால் 18 வோல்ட்டைவிடப் பெரியது என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டிலும் 5 லித்தியம் செல்கள் தொடராக இருக்கின்றன. ஒரு செல்லுக்கு 3.6 வோல்ட் என்று கணக்குப் போட்டால் 18, முழு சார்ஜில் ஏறக்குறைய 4.2 வோல்ட் நிற்கும்போது அளந்தால் 20க்குச் சற்று மேல். அவ்வளவுதான் வித்தியாசம். உண்மையில் பார்க்க வேண்டியது ஆம்பியர் ஹவர், அதாவது பேட்டரி எவ்வளவு மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் என்ற அளவு. 2 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் பொதுவாக 5 செல் மட்டும் இருக்கும், 5 ஆம்பியர் ஹவரில் பத்து. பத்து செல் இருக்கும்போது கரண்ட் இரண்டு வரிசையாகப் பிரிந்து வரும், அதனால் நேரம் மட்டுமில்லை, இழுக்கும் பலமும் கூடுகிறது. பெரிய இம்பாக்ட்டில் 2 ஆம்பியர் பேட்டரியைச் சொருகிவிட்டு கன் சரியில்லை என்று திட்டுபவர்களை நிறையப் பார்க்கலாம். கன்மேல் குற்றமில்லை. அரை இன்ச் இம்பாக்ட்டுக்கு 5 ஆம்பியர் பேட்டரிதான் என் கணக்கில் குறைந்தபட்சம், சின்ன பேட்டரியை ராட்செட்டுக்கும் லைட்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மாற்ற வேண்டியது அரை இன்ச் இம்பாக்ட், அதிலும் இருப்பதிலேயே பெரியதை எடுக்காமல் நடுத்தர டார்க் (முறுக்கு விசை) உள்ளது. இதில் பலருக்கு என்னோடு ஒத்துப்போகாது. ஆனால் வேலையைப் பாருங்கள்: பெரும்பாலான கார்களின் வீல் நட் 90 முதல் 140 நியூட்டன் மீட்டருக்குள்தான் இறுக்கப்பட்டிருக்கும். சஸ்பென்ஷன் போல்ட், கேலிப்பர் பிராக்கெட் எல்லாம் அதையொட்டியோ சற்று மேலேயோ வரும். நடுத்தர இம்பாக்ட் துருப்பிடித்த நிலையிலும் இதில் பெரும்பகுதியைக் கழற்றிவிடும், பெரியதைவிட எடையும் குறைவு, வீல் ஆர்ச்சுக்குள் தலை நுழையும். பெரிய இம்பாக்ட் பேட்டரியோடு மூன்று கிலோவுக்கு மேல் போகும். வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு கையை மேலே நீட்டி அதைப் பிடித்துப் பார்த்தால் அந்த எடை என்ன செய்யும் என்று தோளுக்குத் தெரியும். லாரி, டிராக்டர் வேலை தினமும் வருகிறது என்றால் அது வேறு கதை, அங்கே முக்கால் இன்ச்சே வேண்டியிருக்கும்.

பெட்டியில் போட்டிருக்கும் டார்க் எண்ணைக் கவனமாகப் படியுங்கள். இறுக்கும் டார்க் ஒன்று, கழற்றும் டார்க் இன்னொன்று. விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது இரண்டாவதை. உதாரணத்துக்கு மில்வாக்கியின் 2767 மாடலுக்கு இறுக்க 1000 அடி பவுண்டு, கழற்ற 1400 அடி பவுண்டு என்று கம்பெனியே தனித்தனியாகத்தான் தருகிறது. ஒரு கம்பெனியின் கழற்றும் டார்க்கை இன்னொன்றின் இறுக்கும் டார்க்கோடு ஒப்பிட்டால் தப்பான டூலை வாங்கிவருவீர்கள். அடி பவுண்டில் இருந்தால் 1.356 ஆல் பெருக்கினால் நியூட்டன் மீட்டர்.

கன் நன்றாக இருந்தும் சாக்கெட் விஷயத்தில் பலர் கோட்டைவிடுகிறார்கள். பளபளக்கும் குரோம் சாக்கெட்டை இம்பாக்ட்டில் போடக் கூடாது, அது அடி தாங்காமல் வெடித்துச் சிதறும். கறுப்பு இம்பாக்ட் சாக்கெட்தான் வேண்டும். எக்ஸ்டென்ஷன் நீளம் கூடக் கூட பலம் குறையும், ஏனென்றால் ஒவ்வொரு அடிக்கும் ராடு கொஞ்சம் முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் போலத் திரும்பிவிடுகிறது. கிராங்க் புல்லி போல்ட் அசையவில்லை என்றால் அடுத்த சைஸ் கன்னைத் தேடும் முன் எக்ஸ்டென்ஷனைக் குறுக்கி, லூசான யுனிவர்சல் ஜாயின்ட்டை எடுத்துவிட்டு, நன்றாகப் பொருந்தும் சாக்கெட்டைப் போட்டு மறுபடி முயன்று பாருங்கள். பாதி நேரம் போல்ட் அங்கேயே சரணடைந்துவிடும். கன்னின் முனையில் சாக்கெட்டைப் பிடிப்பது ரிங்கா பின்னா என்பதையும் பாருங்கள். அடிக்கடி சாக்கெட் மாற்றுபவர்களுக்கு ரிங்தான் வசதி, பின்னில் பிடி உறுதி ஆனால் கழற்ற ஒவ்வொரு தடவையும் குத்தூசி தேட வேண்டும்.

இரண்டாவது, 3/8 ராட்செட். ஹோஸ் இல்லாத சுகம் இம்பாக்ட்டைவிட இதில்தான் அதிகம் தெரியும், ஏனென்றால் இன்ஜின் பேயில் ஹோஸ் எப்போதும் எதிலாவது மாட்டிக்கொண்டு ஃபெண்டர் பெயின்ட்டை உரசிக்கொண்டே இருக்கும். 12 வோல்ட்டே இதற்குப் போதும், தலையும் சிறியதாக இருக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை. ஃபேன் ஷ்ரவுடுக்கும் பிராக்கெட்டுக்கும் இடையில் இருக்கும் நீள போல்ட்டைக் கழற்றுகிறீர்கள் என்று வையுங்கள். போல்ட் வெளியே வர வர ராட்செட் தலையும் கூடவே பின்னால் வரும், கடைசியில் ஷ்ரவுடில் முட்டி, முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் சிக்கிக்கொள்ளும். அந்த நிலையில் திசை மாற்றும் சுவிட்சும் தலையின் பின்பக்கம் இருந்தால் விரல் போகாது. ஆகவே போல்ட் நீளத்தையும் பின்னால் இருக்கும் இடைவெளியையும் கண்ணால் அளந்துகொண்டு, இடம் போதாது என்றால் லூஸ் செய்வதற்கு மட்டும் ராட்செட்டைப் போட்டு மீதியை விரலாலோ ஸ்பேனராலோ கழற்றுங்கள். அதோடு, அடிக்காத சாதாரண பேட்டரி ராட்செட், போல்ட் இறுகி நிற்கும் கணத்தில் கைப்பிடியைச் சுழற்றும், விரல் முட்டி பக்கத்து இரும்பில் போய் அடிக்கும். இறுக்கிய போல்ட்டை முதலில் கைபலத்தால் தளர்த்திவிட்டு அப்புறம் விசையை அழுத்துவது நல்லது.

இறுக்கும்போது பழைய பழக்கம் ஆபத்து. ஏர் கன்னில் ரெகுலேட்டரைக் குறைத்து ஓட்டியவர்கள், பேட்டரி கன்னின் முழு வேகத்தில் அதே நேரம் அழுத்தினால் மரை போய்விடும், ஸ்டட் நீண்டுவிடும். நட்டை முதலில் கையால் நாலைந்து மரை ஏற்றுங்கள். பிறகு குறைந்த வேகத்தில் உட்காரும் வரை மட்டும் ஓட்டி, கடைசி இறுக்கு டார்க் ரெஞ்சில். அலாய் வீலானாலும் இரும்பு வீலானாலும் இதில் மாற்றமில்லை, நட்டுகளை எதிரெதிராகத்தான் இறுக்க வேண்டும். ஸ்பார்க் பிளக், சிலிண்டர் ஹெட் போல்ட், ஆயில் டிரெயின் பிளக் மாட்டும்போது இம்பாக்ட் பக்கமே வரக் கூடாது.

காற்றிலேயே விட்டுவைக்க வேண்டியவை: பெயின்ட் ஸ்பிரே, பாடி சாண்டர், சாண்ட் பிளாஸ்டிங், டயர் மாற்றும் மெஷின், ஏர் சிசல். தூசி ஊதுவதற்கு பேட்டரி ப்ளோயர் இருக்கிறது, ஆனால் பிரேக் லைன் துளையை ஊதிச் சுத்தம் செய்ய அதில் அழுத்தம் போதாது. டயருக்குக் காற்றடிக்கும் பேட்டரி பம்ப் ரோட்டில் நின்ற வண்டிக்கு உதவும், பட்டறையில் நாலு டயர் வரிசையாக நிரப்ப அது நேரத்தைத்தான் தின்னும். டை கிரைண்டர் இரண்டுக்கும் நடுவில்: எப்போதாவது ஒரு பைப்பை வெட்ட பேட்டரி வசதி, தினமும் கேஸ்கெட் சுரண்டுபவர்களுக்கு ஏர்தான் மலிவு, இலகு.

பெட்ரோல் வாசனை வரும் இடத்தில் பேட்டரி டூலை எடுக்கவே கூடாது. இதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டேங்க் இறக்கும்போதும், ஃப்யூவல் லைனைப் பிரிக்கும்போதும், கேஸ் சிலிண்டர் உள்ள வண்டியில் கசிவு சந்தேகம் இருக்கும்போதும் சுவிட்சிலோ மோட்டாரிலோ எழும் ஒரு பொறி போதும். பிரஷ்லெஸ் (உள்ளே உரசும் கார்பன் பிரஷ் இல்லாத) மோட்டார் என்பதால் பாதுகாப்பு என்று சிலர் சொல்கிறார்கள். பிரஷ் இல்லை என்பது உண்மை, ஆனால் எரியும் ஆவி சூழ்ந்த இடத்தில் பயன்படுத்த அது சான்றளிக்கப்பட்டது இல்லை. ஏர் இம்பாக்ட்டிலும் இரும்பு இரும்பை அடிக்கிறது, ஆகவே அந்த வேலைக்குக் கை ஸ்பேனர்தான்.

ஏர் டூலுக்குத் தினமும் இரண்டு சொட்டு எண்ணெய் விட்ட பழக்கத்தை இங்கே மறந்துவிடலாம். அதற்குப் பதிலாகப் பார்க்க வேண்டியவை வேறு. டூலைத் துடைக்க பிரேக் கிளீனரை அடிக்காதீர்கள், பிளாஸ்டிக் பாடியும் பேட்டரி உறையும் அதில் வெடிப்பு விடும். லேசாகச் சோப்பு நனைத்த துணி போதும். சூடாக இறங்கிய பேட்டரியை அப்படியே சார்ஜரில் சொருகாமல் ஆறவிடுங்கள். நல்ல சார்ஜர் சூடு குறையும் வரை தானே காத்திருக்கும், சில சார்ஜர்களில் அந்த அறிவு இல்லை. உறைநிலைக்குக் கீழே சார்ஜ் போட்டாலும் லித்தியம் செல் கெடும். சில மாதம் பயன்படுத்தப் போவதில்லை என்றால் பாதி சார்ஜில் வைத்து, வெயில் படாத இடத்தில் வையுங்கள். முழுக்கக் காலியாக்கி அலமாரியில் போட்டால் பிறகு சார்ஜரே அதை ஏற்றுக்கொள்ளாமல் போகலாம். எத்தனை பேட்டரி வேண்டும் என்றால், ஒரு ஆளுக்கு மூன்று: ஒன்று டூலில், ஒன்று சார்ஜரில், ஒன்று ஆறிக்கொண்டு. சார்ஜரை வெல்டிங் பொறியும் கிரைண்டர் தூளும் வராத மூலையில், எரியும் பொருள் எதுவும் அருகில் இல்லாமல் சுவரில் மாட்டுங்கள். இரும்புத் தூள் பேட்டரி முனைகளில் ஒட்டினால் ஷார்ட் ஆகும்.

இதெல்லாம் வாங்கி வைத்த பிறகும் ஒரு மாதம் ஏர் கன்னைக் கழற்றாமல் அதன் ஹோஸிலேயே தொங்கவிடுங்கள். எந்த வேலைக்குக் கை தானாக ஹோஸ் பக்கம் போகிறது என்று கவனியுங்கள். அந்த வேலைகளை மட்டும் ஒரு தாளில் எழுதி வைத்தால், மிச்சமிருக்கும் காற்றுத் தேவைக்கு இப்போதிருக்கும் கம்ப்ரஸர் அளவு வேண்டுமா, சின்னது போதுமா என்று தெரிந்துவிடும். பெயின்ட் வேலையும் சாண்டிங்கும் இல்லாத பட்டறை என்றால் பெரும்பாலும் சின்னதே போதும், அப்போது பழையதை நல்ல நிலையில் இருக்கும்போதே கைமாற்றிவிடலாம்.