கடலோர வீடு: முகத்துவாரத்துக்குத் தெற்கா, வடக்கா?

புதுச்சேரி, கடலூர் பக்கம் கடலோரம் வீடு வாங்குபவர்கள் விலை பேசும் முன் மணல் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்க வேண்டும். இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே போகிறது. அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் 1980களில் துறைமுகத்துக்காகக் கல் தடுப்புச் சுவர் கட்டிய பிறகு, தெற்கே வீராம்பட்டினம் பக்கம் மணல் சேர்ந்தது. வடக்கே நகரக் கரையைக் கடல் அரித்துவிட்டது. பாறாங்கல் கொட்டித்தான் காக்க வேண்டியிருந்தது. ஆகவே தடுப்புச் சுவரையோ தூண்டில் வளைவையோ (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் அணை) ஒட்டி வடக்கே உள்ள மனை வேண்டவே வேண்டாம்.

கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவே மணல்திட்டில் மனை என்றால் இன்னும் கவனம். கடலோரக் கட்டடங்களைக் கட்டுப்படுத்தும் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல (CRZ) விதி கழிக்கரைக்கும் பொருந்தும். கடல் பக்கம், கழிப் பக்கம் இரண்டிலும் உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல் ஏற்றத்தின்போது நீர் எட்டும் எல்லை) அளக்க வேண்டும். பட்டா இருப்பதாலேயே கட்ட அனுமதி கிடைத்துவிடாது. 2004 சுனாமியிலும் 2011 தானே புயலிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று மீனவப் பெரியவர்களிடம் கேளுங்கள்.

கிணற்று நீரை மே மாதத்தில் சோதியுங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 2000 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்க ஆகாது. மழைக்கால ருசியை நம்பாதீர்கள்.

கட்டிய வீடென்றால் தூண் அடியையும் சன்ஷேடின் கீழ்ப்புறத்தையும் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். பொள்ளல் சத்தம் வந்தால் உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்துப் பருத்து, கான்கிரீட்டைப் பிளந்திருக்கலாம். புதுப் பூச்சு அதை மறைத்திருக்கும்.